பிரெஞ்சு அகராதியில் தமிழ்ப் பிழை தேடுகிறவர்கள்

லஸ் பக்கம் காலை நடை போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் பூங்கா வாசலில் மேஜை போட்டு, விரலில் குத்தி இலவசமாக சுகர் பார்ப்பார்கள். அப்புறம் எலும்பு அடர்த்தி வந்தது. இப்போது எச்சில் கேட்கிறார்கள். சின்னக் குழாய் ஒன்றில் துப்பிக் கொடுத்து 12,000 ரூபாயும் கட்டினால், நாலு வாரத்தில் உங்கள் மரபணுவைப் படித்து, 60 வியாதிகளில் எது வரும் எது வராது என்று கலர் கலராக ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுமாம். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. சிவப்பு என்றால் அவர்களே போன் செய்வார்கள்.

அறுபதைப் பற்றியும் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அதில் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. 'குடல் அழற்சி நோய்' என்று தலைப்புப் போட்ட பக்கம். அந்தப் பக்கம் நம் ஊர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கத் தகுதியில்லாத சரக்கு என்பது என் கட்சி.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக் கடுப்பு, பரீட்சை நேரத்துப் பேதி, அதெல்லாம் வேறு. இது உடம்பின் காவல்படையே சொந்தக் குடலைத் தாக்குகிற வியாதி. பெருங்குடலின் உள்தோலோடு நின்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் போனால் கிரோன் நோய். (1932இல் நியூயார்க்கில் மூன்று டாக்டர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. பெயர்களை அகர வரிசையில் போட்டதால் கிரோன் முதலில் வந்தார், வியாதியும் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. சீனியாரிட்டி லிஸ்ட் போட்டே காலம் கழித்த எனக்கு இது ஒரு தனி ரசனை.)

"அது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கெல்லாம் வராது" என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. லூதியானா டாக்டர்கள் பஞ்சாபில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003இல் வெளியிட்டார்கள்: லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ஐரோப்பாவின் சில பகுதிகளோடு ஒப்பிடத்தக்க கணக்கு அது.

எங்கள் குடும்பத்துக்கும் வந்தது. என் தங்கையின் பேரன், இன்ஜினியர் பையன், 24 வயது. ஒரு வருடத்தில் 14 கிலோ இளைத்தான். குடல் டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் டி.பி. மருந்து சாப்பிட வைத்தார்கள். நம் நாட்டில் இது சகஜம். ஸ்கோப்பில் பார்த்தாலும், திசுவை எடுத்துச் சோதித்தாலும், குடல் டி.பி.யும் கிரோனும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்ற பிறகுதான் கிரோன் என்று முடிவானது.

அந்தச் சமயம் பார்த்து அவன் அக்காவுக்கு தி.நகரிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் பொருந்தியது. பையன் வீட்டில் யாரோ சொல்லி, "தம்பிக்குக் குடல்ல ஏதோ பரம்பரை வியாதியாமே, பொண்ணுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று கேட்டார்கள். எடுத்தார்கள். பச்சை வந்தது. கல்யாணமும் நடந்தது. பந்தியில் சம்பந்தி என்னிடம், "ரிப்போர்ட் சுத்தமா வந்துடுச்சு, பாத்தீங்களா மாமா?" என்றார். வாழ்த்திவிட்டு வந்தேன். கல்யாண வீட்டில் சண்டை போடக் கூடாது. இங்கே போடலாம்.

சுத்தம் என்றால் எதை வைத்துச் சுத்தம்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அதனால் பாரிஸ் சம்பந்தப்பட்ட செய்தி எதுவானாலும் ஒரு கண் போகும். 2001 மே மாதம் 'நேச்சர்' இதழில், ழான்-பியர் யுகோ என்ற பிரெஞ்சு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் கிரோன் நோய்க்கான முதல் மரபணுவைப் பிடித்துவிட்டதாக எழுதினார்கள். (எங்கள் ஊரில் விக்தோர் யுகோவை உச்சரிக்கிற அதே மாதிரிதான்.) அதே இதழில் அமெரிக்கக் குழு ஒன்றும் தனியாக அதையே கண்டுபிடித்து எழுதியிருந்தது. மரபணுவின் பெயர் நாட்-2. பதினாறாவது குரோமோசோமில் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரிலிருந்து உதிரும் துணுக்கை முகர்ந்து பார்த்து, 'ஆள் வந்திருக்கு' என்று செல்லுக்குள் மணியடிக்கிற வாட்ச்மேன் அது. அதில் மூன்று எழுத்து மாற்றங்கள் ஐரோப்பியர்களிடம் கிரோனோடு சேர்ந்து வருகின்றன. ஒன்றில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக நுழைந்து, 1,040 கண்ணிகள் உள்ள புரதத்தின் கடைசி 33 கண்ணிகள் இல்லாமல் போய்விடுகின்றன. அருமையான வேலை. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, நான்தான் கண்டுபிடித்த மாதிரி.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் புகழேந்தி, பி.எஸ். ராமகிருஷ்ணா முதலானவர்கள் இந்திய கிரோன் நோயாளிகளிடம் அதே மூன்று மாற்றங்களைத் தேடினார்கள். 2008இல் முடிவை எழுதினார்கள். கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: இந்திய நோயாளிகளிடம் அவை இல்லை. ஹைதராபாத்திலும் தேடி, 2011இல், நாட்-2க்கும் இந்தியர்களின் குடல் நோய்க்கும் அந்த வழியில் தொடர்பு இல்லை என்றார்கள். 2013இல் வேலூர்க் குழு, ஜெயந்தி வெங்கட்ராமன், ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் எல்லோருமாகச் சேர்ந்து மறுபடி பார்த்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு பலவீனமான தொடர்பு, கிரோனோடு தொடர்பு இல்லை.

ஆக, நோய் வந்து படுக்கையில் கிடக்கிற நம் ஆட்களிடமே இல்லாத மாற்றம், நோய் வராத கல்யாணப் பெண்ணிடம் இல்லை என்று எழுதிக் கொடுக்க 12,000 ரூபாய்! தம்பியின் எச்சிலை அனுப்பியிருந்தாலும் அந்த வரி பச்சையாகவே வந்திருக்கும். தமிழ்க் கடிதம் ஒன்றை லரூஸ் அகராதியை வைத்துக்கொண்டு திருத்துகிற கதை இது. ஒரு பிழைகூடக் கண்ணில் படாது. அதற்காகக் கடிதம் பிழையில்லாத கடிதம் ஆகிவிடுமா?

"நாட்-2 ஒண்ணுதானா சார், இப்ப நூத்துக்கணக்கான இடம் பாக்கறாங்களே" என்று என் நடைத் தோழர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், கேட்டார். சரி, நூற்றுக்கணக்கு. அந்த நூற்றுக்கணக்கும் யாரிடமிருந்து வந்தது? 2015இல் பல இனத்தவரையும் சேர்த்ததாகப் பெருமையாக வந்த பெரிய ஆய்வில் ஐரோப்பியர் 86,640 பேர். கிழக்கு ஆசியா, இந்தியா, ஈரான் மூன்றையும் கூட்டினால் 9,846. மூன்றையும் கூட்டி! அரிய மாற்றங்களை, அதாவது நூற்றில் ஒருவரிடம்கூட இல்லாத மாற்றங்களைத் தேடி 2022இல் வந்த ஆய்வு இன்னும் பெரியது. ஏறக்குறைய 30,000 கிரோன் நோயாளிகள், 80,000 நோயில்லாதவர்கள், புதிதாகச் சில மரபணுக்கள். நல்ல ஆய்வு. ஆனால் எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளி.

பொதுவான மாற்றமாவது ஊருக்கு ஊர் ஓரளவு ஒத்துப்போகும். அரிய மாற்றம் அப்படியல்ல. அது அண்மையில், சில தலைமுறைக்கு முன் எங்கோ ஒரு குடும்பத்தில் விழுந்த கீறல். பிரிட்டானியில் விழுந்தது மன்னார்குடியில் இருக்காது. மன்னார்குடியில் இருப்பதை யாரும் இதுவரை தேடவில்லை. நாலு பேர் தேடியபோது என்ன ஆனது தெரியுமா? தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெல்மா குழு வட இந்திய அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளின் மரபணுத் தொகுதியைத் துழாவி 2015இல் எழுதியது. அதுவரை யாரும் சொல்லாத மூன்று இடங்கள் கிடைத்தன. அதுவும் வட இந்தியர். நாம் இன்னும் வரிசையில் நிற்கிறோம்.

இதில் இன்னொரு கூத்து. கூடுதல் பணம் கட்டினால் 'அரிய மாற்றங்களும் சேர்த்து' என்று ஒரு பிரீமியம் பொட்டலம். இந்த எச்சில் சோதனைகளில் மலிவானவை மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பதில்லை. சில்லு ஒன்றில் முன்கூட்டியே குறித்து வைத்த இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கின்றன. குறித்து வைக்காத இடத்தில் தீப்பிடித்து எரிந்தாலும் தெரியாது. குறித்து வைத்த இடத்திலும், மாற்றம் மிக அரிதாக இருந்தால் சில்லு தடுமாறும். பிரிட்டனில் ஏறக்குறைய 50,000 பேரிடம் சில்லையும் முழு வாசிப்பையும் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாக உள்ள மாற்றங்களில், 'இருக்கிறது' என்று சில்லு சொன்னவற்றில் 100க்கு 84 பொய். ஆபீஸில் ஒரு கிளார்க் நூறு பைலில் எண்பத்து நாலைத் தப்பாகக் குறித்தால் மெமோ கிடைக்கும். இங்கே பிரீமியம் கிடைக்கிறது.

பேங்க் மேனேஜர் விடவில்லை. "ஒண்ணும் இல்லாததுக்கு ஏதோ ஒண்ணு மேல் இல்லையா சார்? நீங்க சயின்ஸுக்கு எதிரா?"

மேல் இல்லை சார். கேளுங்கள். அடையாறில் எங்கள் இன்னொரு உறவுக்காரர், 40 வயது. குடும்பத்தில் கிரோன் என்று கேள்விப்பட்டதும் அவரும் துப்பினார், பச்சை வாங்கினார். அடுத்த ஐந்து மாதம் மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று முடிவு செய்துகொண்டு, துத்திக் கீரையும் இட்ஸ் பாத்தும் ஆக இருந்தார். "ஜீன்லயே இல்லைன்னு வந்துடுச்சே" என்பது அவர் வாதம். ஹீமோகுளோபின் 7க்கு இறங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் கொலனாஸ்கோபி. பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தம் போனால் டாக்டரிடம் போக வேண்டும் என்று நம் பாட்டிக்குத் தெரியும். படித்த மனிதருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தப் பச்சைக் கட்டம். கால்புரோடெக்டின் என்று ஒரு மலச் சோதனை இருக்கிறது, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். நம் ஊர் லேபிலேயே செய்கிறார்கள். எச்சில் பொட்டலத்தைவிடப் பல மடங்கு மலிவு. அது இன்று குடலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறது. எந்த ஊர்க்காரர் குடலானாலும் சொல்கிறது.

சிவப்பு வந்தால் மட்டும் என்ன? ஐரோப்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்-2 மாற்றம் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு பிரதியும் உள்ளவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட நோய் வருவதில்லை. உருவத்தில் அச்சு அசலான இரட்டையர்களில் ஒருவருக்கு கிரோன் வந்தாலும் மற்றவருக்கு வராமல் போவது ஏராளம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குக் குடியேறிய இந்தியர்களிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளூர் வெள்ளைக்காரர்களைவிட அதிகமாக இருந்தது என்று 1992இல் எழுதினார்கள். விமானம் ஏறியதில் யாருக்கும் மரபணு மாறாது. சாப்பாடு, குடலில் குடியிருக்கும் பாக்டீரியா, சின்ன வயதில் விழுங்கிய ஆன்டிபயாட்டிக், சிகரெட் என்று மீதிக் கணக்கு வேறு எங்கோ இருக்கிறது.

இதையெல்லாம் பெண் பார்க்க வருகிற கூடத்தில் யார் விளக்குவது? அமெரிக்காவில் 2008லேயே சட்டம் போட்டார்கள், மரபணுவைக் காட்டி வேலையையோ மருத்துவ இன்சூரன்ஸையோ மறுக்கக் கூடாதென்று. இங்கே தனிச் சட்டம் இல்லை. மரபணுக் கோளாறு என்று மொத்தமாகச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது, அந்த மட்டும் நல்லது. சம்பந்தி வீட்டுக்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது. ஜாதகத்தில் செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு. பிடிஎஃப்பில் சிவப்புக் கட்டத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போவது? என் தங்கை பேத்திக்குப் பச்சை வந்ததால் கல்யாணம் நடந்தது. இன்னொரு பெண்ணுக்கு, அதே அளவு அர்த்தமில்லாத சிவப்பு வந்து நின்றுபோயிருக்கும். அதைப் பந்தியில் யாரும் பேசமாட்டார்கள்.

நான் மரபணுச் சோதனையே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. வேண்டிய இடத்தில் மேஜை போடுங்கள் என்கிறேன். பிறந்து சில மாதத்திலேயே ஓயாத பேதி, ஆசனவாயில் புண் என்று தவிக்கிற குழந்தைகள் உண்டு. அங்கே ஒரே ஒரு மரபணு உடைந்திருப்பதே முழுக் காரணமாக இருக்கலாம். இன்டர்லூக்கின்-10 என்ற அமைதித் தூதை வாங்கிக்கொள்ளும் கதவு அடைத்துப்போன குழந்தைகளைப் பற்றி 2009இல் எழுதினார்கள். பெற்றோர் உறவுக்குள் மணந்துகொண்டவர்கள். மரபணுவைப் படித்துக் காரணம் தெரிந்ததால், எலும்பு மஜ்ஜை மாற்றி ஒரு குழந்தையைக் குணப்படுத்த முடிந்தது. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் ஊரில் இந்தச் சோதனை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிற ஏழைத் தாய்க்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதற்குப் பூங்காவில் மேஜை கிடையாது.

அரசாங்கம் 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பாராட்டுகிறேன். ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். அகராதியின் முதல் பாதி அது. நோயாளிகளையும் அதே மாதிரி, சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் ஆயிரக்கணக்கில் படித்தால்தான் மறுபாதி. அதுவரை, குடல் நோய் அபாயம் என்று விற்கிற ஒவ்வொரு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலும், இந்தக் கணக்கு எத்தனை இந்தியர்களை வைத்துப் போட்டது என்று ஒரு வரி அச்சடிக்கச் சட்டம் வேண்டும். மருந்துக் கடையில் காலாவதி தேதி இல்லாத பட்டையை வாங்குவோமா?

கடைசியாக, பையன் கதையின் மிச்சம். கிரோன் என்று முடிவானதும் அசத்தியோபிரின் மாத்திரை கொடுத்தார்கள். பழைய மருந்து, மலிவு, பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்கு உடம்பு அதைச் சிதைக்க முடியாமல் வெள்ளை அணுக்கள் விழுந்துவிடும். அதனால் ஆரம்பிக்கும் முன் ஐரோப்பியப் பாடப் புத்தகப்படி டி.பி.எம்.டி. என்ற சோதனை எடுத்தார்கள். நார்மல். மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. அடுத்த நான்கு நாளில் காய்ச்சல், வெள்ளை அணு ஆயிரத்துக்கும் கீழே. தனி அறையில் 16 நாள் வைத்து மீட்டார்கள்.

ஆசியர்களிடம் பார்க்க வேண்டியது வேறு மரபணு: என்.யு.டி.டி.15. கொரியாவிலிருந்து 2014இல் எழுதிச் சொல்லிவிட்டார்கள். இந்தியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதில் ஒரு பிரதியாவது மாறியிருக்கிறது. டி.பி.எம்.டி. கோளாறு ஐரோப்பியரிடம்தான் அதிகம், நம்மிடம் குறைவு. பையனுக்கு இரண்டு பிரதியும் மாறியிருந்தது. அப்படியானால் அப்பா, அம்மா இருவரிடமும் ஒன்றாவது இருக்கிறது. (என் தங்கை மகளை அவள் அத்தை மகனுக்கே கட்டினோம்.) அவன் அக்காவுக்கும் இரண்டும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த மருந்தும் இதன் சகோதர மருந்தும் கீல்வாதத்துக்கும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும், குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் கொடுப்பது. அவள் ஒரு நாள் சாப்பிட வேண்டி வரலாம், அவள் குழந்தையும் சாப்பிட வேண்டி வரலாம்.

அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உபயோகமான மரபணுத் தகவல் இது ஒன்றுதான். அறுபது வியாதி ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 48 பக்கமும் தேடிப் பார்த்தேன். என்.யு.டி.டி.15 அதில் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அசத்தியோபிரினோ மெர்காப்டோப்யூரினோ எழுதினால், முதல் மாத்திரைக்கு முன்பு அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள்.